ஊர்ப் பலகை

மக்கள் கூடி வாழும் இடங்களிலெல்லாம் அவர்கள் கூடிப் பேசுவதற்கென்று ஓர் இடம் அமைந்துவிடுகிறது. உள்நாட்டு ஊர்களில் அது மரத்தடியாகவோ கோயில் மண்டபமாகவோ இருக்கும். கடற்கரைக் குப்பங்களில் வலை பின்னும் கூடமாகவோ மீன் ஏலம் விடும் இடமாகவோ இருக்கும். காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் மீனின் விலையைப் பற்றியும் அங்கே நாள்தோறும் பேச்சு நடைபெறுகிறது. ஆயினும், பேசியவர்கள் கலைந்து சென்றதும் பேச்சும் மறைந்துவிடுகிறது. பின்னால் வந்தவருக்கு அது எட்டுவதில்லை. ஆகையால் இத்தகைய இடங்களில் ஒரு பலகையை மாட்டி, எல்லாருக்கும் வேண்டிய செய்திகளை அதில் எழுதி வைப்பது நல்ல வழக்கமாகும்.

அப்பலகையில் எழுதும் பணி பெரும்பாலும் ஊரில் படிக்கின்ற இளைஞர்களிடமே வந்து சேரும். “படிக்கிற பிள்ளைதானே, நீயே எழுது தம்பி” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எழுதத் தெரிந்தவர்க்குப் பலகையை அமைக்கவும் தெரியும் என்று கொள்ளலாமா? கொள்ள இயலாது. எதை எங்கே எழுதுவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது, என்ன நிறம் தீட்டுவது, பழைய அமைப்பில் எதை மாற்றுவது, எதை மாற்றாது விடுவது என்பன தனியே கற்க வேண்டியவை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள உவர்நீர் ஏரி, இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் ஏரியில் கலக்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுகிறது. அந்நீரோடு இறாலும் மீனும் வருகின்றன. ஏரியை நம்பி வாழ்வோரும், முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் செல்வோரும் அடுத்தடுத்த குப்பங்களில் வாழ்கின்றனர்.

இத்தகைய ஊரின் பலகையில் என்ன எழுதப்படும்? முதலாவது, பாடு. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுக்கு எல்லாரும் ஒரே நாளில் போட்டியிட்டால் சண்டையே மிஞ்சும். ஆதலால், ஊர்க் கணக்கில் தலைக்கட்டாகச் சேர்ந்தவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வகுத்து, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று ஒழுங்கு செய்துகொண்டனர். இதற்குப் பாடு என்று பெயர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் சீட்டுக் குலுக்கி முறை வகுக்கும் வழக்கு உண்டு. இரண்டாவது, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மூன்றாவது, காற்று, அலை, புயல் பற்றிய அறிவிப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், 1999ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இவ்வறிவிப்புகளை வழங்குகின்றன. இந்நாளில் இவை கைப்பேசிக்கும் வந்துவிடுகின்றன. எனினும், கைப்பேசியை ஒருவர் தனியே பார்க்கிறார். பலகையை ஊரே பார்க்கிறது. பத்துப் பேர் சேர்ந்து நின்று படித்த செய்தியைப் பற்றி அந்தப் பத்துப் பேரும் கலந்து பேசுவார்கள். போகலாமா, வேண்டாமா என்ற முடிவு அந்தப் பேச்சில்தான் பிறக்கிறது.

ஆகவே, பலகையின் தோற்றம் அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. பாட்டு வரிசை தெளிவின்றி எழுதப்பட்டால் இரு குடும்பங்களுக்குள் பூசல் விளையும். அலையின் உயரம் தவறாகப் படிக்கப்பட்டால் ஒரு படகே திரும்பி வாராமற் போகலாம். இதனை மனத்தில் கொண்டே முதன்முதலாகப் பலகையைத் தொடுகின்ற மாணவர் தம் வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

முதலில் எண்ண வேண்டியது, இதை யார் படிப்பர் என்பது. சுண்ணக்கட்டியைக் கையில் எடுப்பதற்கு முன், ஒரு நாள் விடியற்காலையில் அக்கூடத்தில் சென்று நின்று பாருங்கள். படகுக்குச் செல்வோர் இருள் பிரியுமுன் வருகின்றனர். தோளில் வலையோ கையில் எரிபொருட் கலனோ இருக்கும். நின்று படிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. மீன் வாங்க வரும் பெண்கள் கூடையோடு கூட்டத்தின் பின்புறத்தில் நிற்கின்றனர். முதியவர்களுக்குக் கண்பார்வை மங்கியிருக்கும். எழுத்தறியாதவர்களும் இருப்பர். ஏரியின் வடபகுதியிலிருந்து வருவோருள் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவரும் இருக்கக்கூடும். இத்தனை பேருக்கும் உரியது அப்பலகை. எழுதுகின்றவருடைய கையெழுத்துத் திறமையைக் காட்டுவதற்கு அது இடம் அன்று.

அடுத்தது, பலகையைப் பகுத்தல். புதிதாக எழுதுவோர் செய்திகள் வந்த வரிசையிலேயே மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போவர். நாலு நாட்களில் இடம் நிரம்பிவிடும். எது புதியது, எது பழையது என்று தெரியாது. இதற்கு மாற்றாக, செய்தி நிலைத்து நிற்கும் காலத்தைக் கொண்டு பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். என்றும் மாறாதவை ஒரு பகுதி: கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093 போன்றவை. இவற்றை எண்ணெய் வண்ணத்தில் நிலையாகத் தீட்டிவிடலாம். பருவத்துக்கு ஒருமுறை மாறுபவை இரண்டாம் பகுதி: தடைக்காலம், பாட்டு வரிசை. இவற்றைத் தாளில் எழுதி ஒட்டலாம். நாள்தோறும் மாறுபவை மூன்றாம் பகுதி: காற்றின் விரைவு, அலையின் உயரம், எச்சரிக்கை. இவை சுண்ணக்கட்டியால் எழுதி அழிப்பதற்கு உரியவை. மூன்றாம் பகுதியே கண்மட்டத்தில், நடுவில் இருத்தல் வேண்டும். ஒருமுறை இவ்வாறு வகுத்துவிட்டால் அவ்வகுப்பை மாற்றலாகாது. படகுக்கு விரைபவர் பலகை முழுவதையும் தேடமாட்டார். வழக்கமான இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

சட்டகம் நிலைத்திருக்க, அதனுள்ளே உள்ளவை மாறும் இம்முறைக்குப் பழவேற்காட்டின் வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை இருக்கிறது. ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை நிறுவினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அவர்கள் இங்கு வந்தது துணிக்காக. இந்தத் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கொண்டு சென்று, அங்கே விற்று நறுமணப் பொருள்களை வாங்கினர். ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு வகையான கோலத்தையும் நிறத்தையும் விரும்பினர். ஆதலின் வணிகர்கள் மாதிரித் துணிகளை அனுப்பி, அவற்றைப் போல நெய்து தருமாறு கேட்டனர். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஐரோப்பிய வாணிகத்தில் பழவேற்காட்டின் பெயரே வழங்கிவந்தது. நெசவாளர் பாவு, ஊடு என்னும் அடிப்படையை மாற்றவில்லை. அந்தக் கட்டமைப்புக்குள் நூலின் நிறத்தையும் கட்டத்தின் அளவையும் மாற்றி, கேட்டவர் கேட்ட தோற்றத்தை அளித்தனர். முழுத்துணியையும் நெய்யுமுன் மாதிரியைப் பார்த்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பலகை அமைப்போரும் அவ்வாறே செய்யலாம். எண்ணியதை முதலில் ஒரு தாளில் சிறிதாக வரைந்து, நாலு பேரிடம் காட்டி, அதன் பிறகு பலகையில் ஏற்றுவது நலம்.

இனி, எழுத்துக்கு வருவோம். பெயர்ப்பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: பத்தடித் தொலைவிலிருந்து எளிதாகப் படிப்பதற்கு ஓரங்குல உயரம் வேண்டும். இருபதடிக்கு அப்பால் நிற்பவரும் படிக்க வேண்டுமானால் இரண்டு அங்குலத்துக்குக் குறையலாகாது. விடியற்காலை மங்கல் ஒளியில் இன்னும் சற்றுப் பெரிதாகவே எழுதுதல் தகும். தமிழ் எழுத்துகளில் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வரிக்கு வெளியே நீள்வதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுதல் வேண்டும். வரி கோணாமல் இருப்பதற்கு, சுண்ணப்பொடி தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி விட்டால் நேர்கோடு விழும். சுவரில் எழுதுவோரிடம் இதனை எளிதிற் கற்றுக்கொள்ளலாம். பலகைக்குப் பூசும் கறுப்பு பளபளப்பின்றி இருக்க வேண்டும். பளபளக்கும் பூச்சு வெயிலைத் திருப்பி வீசி எழுத்தை மறைத்துவிடும். உப்புக் காற்று எந்தப் பூச்சையும் விரைவில் உரித்துவிடும் ஆதலால், பருவத்துக்கு ஒருமுறையேனும் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும்.

எழுத்தின் அளவைவிட முக்கியமானவை சில நுட்பங்கள். “அலை 2.5 மீட்டர்” என்று எழுதினால், அந்தச் சிறு புள்ளி ஒரு கை பட்டாலே அழிந்துவிடும், பிறகு அது 25 என்று நிற்கும். யாரும் அதை நம்பமாட்டார்கள். நம்பாததோடு, மற்றச் செய்தியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். “இரண்டரை மீட்டர்” என்று எழுதினால் இவ்விடர் இல்லை. 1 என்பதும் 7 என்பதும் மயங்காதபடி எழுத வேண்டும். மற்றொன்று நம் மொழியின் இயல்பைச் சார்ந்தது. தமிழில் மறுப்புச் சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருகிறது. “கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்பதை இரண்டு வரியாக மடக்கினால், “கடலுக்குச் செல்ல” என்பது மேல் வரியிலும் “வேண்டாம்” என்பது கீழ் வரியின் மூலையிலும் போய் விழும். அந்த மூலையை ஒருவர் தோள் மறைத்தாலும் போதும், பொருள் தலைகீழாகிவிடும். ஆதலால் இத்தகைய தொடரை ஒரே வரியில் அமைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் மற்றச் செய்தியைக் குறைக்கலாமே தவிர இதனை உடைக்கலாகாது. இடத்துக்கேற்ப வரியை மடக்குவதும் பொருளுக்கேற்ப மடக்குவதும் வேறு வேறு என்பதை இளையோர் உணர்தல் வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். வானிலைத் துறையார் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களால் இடரின் அளவைக் குறிக்கின்றனர். பச்சைக்கு அச்சம் இல்லை. மஞ்சள் கவனிக்கச் சொல்கிறது. செம்மஞ்சள் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. சிவப்பு உடனே செயற்படச் சொல்கிறது. இந்த நிறங்களைப் பலகையில் வேறு எதற்கும் பயன்படுத்தாமல் இருப்பது புதியவர் கைக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு. வாழ்த்துச் செய்தியையும் விழா அழைப்பையும் சிவப்பில் எழுதிப் பழகிவிட்டால், புயலுக்கு என்ன நிறம் மிஞ்சும்? நிறத்தை மட்டும் நம்பி இருப்பதும் தகாது. ஆண்களுள் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. துறைமுகங்களில் பயன்படும் புயற்குறிகளைப் பாருங்கள். பகலில் கூம்பு, உருளை என்னும் வடிவங்களை ஏற்றுவர். இரவில் செவ்விளக்கையும் வெள்விளக்கையும் ஏற்றுவர். 1 முதல் 11 வரை எண்களும் உண்டு. எழுத்தறியாத மாலுமியும், வேற்று மொழி பேசும் மாலுமியும் வடிவத்தைக் கண்டு பொருளை அறிகின்றனர். 1977 முதல் இயங்கிவரும் சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருப்பதும் பகலில் கடலிலிருந்து அதை அடையாளம் காண்பதற்கு உதவுகிறது. ஊர்ப் பலகையிலும் நிறம், சொல், வடிவம் ஆகிய மூன்றும் ஒன்றையே சொல்லுமாறு அமைத்தால், ஒன்றைத் தவறவிட்டவர் மற்றொன்றால் அறிவார்.

இவ்வளவும் கற்ற மாணவர்க்கு ஓர் ஆவல் தோன்றும். பழைய பலகையை முழுவதும் மாற்றிப் புதிதாக அமைத்துவிட வேண்டும் என்னும் ஆவல்தான் அது. இங்கேதான் நிதானம் வேண்டும். பலரும் பயன்படுத்தும் ஒன்றின் தோற்றத்தை மாற்றுவது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு நம் தமிழ் எழுத்தே சான்று. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியும் என்று புள்ளி இடாமல் எழுதுவது வழக்கம். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று படிப்போரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் காட்டினார். இன்று நாம் எழுதும் ஏகாரமும் ஓகாரமும் அவ்வாறு வந்தவை. மாற்றம் சிறிது, தேவை பெரிது, ஆகவே அது நிலைத்தது. பெரியார் 1935இல் தம் ‘குடிஅரசு’ இதழில் ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகளைச் சீர்திருத்திய வடிவில் அச்சிட்டார். தமிழக அரசு 1978இல் அவற்றுள் 13 எழுத்துகளை ஏற்று ஆணை பிறப்பித்தது. இடையில் 43 ஆண்டுகள் கடந்தன. ஐகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அவர் கூறிய மாற்றங்கள் அவ்வாணையில் இடம்பெறவில்லை. பொதுப்பொருளின் வடிவத்தை மாற்றக் கருதுவோர் முதலில் தம் இடத்தில் செய்து காட்டலாம்; அதை ஏற்பதும் விடுப்பதும் பயன்படுத்துவோர் கையில் உள்ளன.

அச்சுத் தொழிலிலும் இதனைக் காண்கிறோம். தரங்கம்பாடிக்காக ஜெர்மனியில் ஹாலே நகரில் செய்யப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் இங்கு வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தனர். தொலைவிலிருந்து வந்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. வெறுத்து ஒதுக்கவும் இல்லை. பயன்படுத்திப் பார்த்து, குறையை அறிந்து, அதற்கேற்ப மாற்றினர்.

ஆகையால், புதிதாகத் தொடங்கும் மாணவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. இம்மாதம் எழுத்தின் அளவை மாற்றினால், நிறத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால், எதனால் நன்மை விளைந்தது, எதனால் குழப்பம் விளைந்தது என்று தெரியாது. மாற்றுமுன் பழைய அமைப்பைத் தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புதியது பயன்படாவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி இருக்கும். பாட்டு வரிசையைத் தொடுவதானால் ஊர்ப் பெரியவர்களின் இசைவு கட்டாயம் வேண்டும். பாட்டில் உரிமை உடையோரும் இல்லாதோரும் ஒரே ஏரியில் பிழைக்கின்றனர். அதைப் பற்றிய மனத்தாங்கல்களும் உண்டு. அங்கே ஒரு பெயரைச் சற்றுப் பெரிதாக எழுதினாலும் அது ஒருபக்கச் சார்பாகத் தோன்றும். எல்லாப் பெயரும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், குலுக்கலில் வந்த வரிசையில் இருக்க வேண்டும். சொற்களையும் ஊர் வழக்கிலிருந்தே எடுக்க வேண்டும். வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும் கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும் அறிந்தவர்களுக்குத் திசைகளைப் பாகை கணக்கில் எழுதிக் காட்டுவதால் பயன் என்ன?

இறுதியாக ஒன்று. எவ்வளவு நன்றாக அமைத்த பலகையும் பழைய செய்தியைத் தாங்கி நின்றால் பயனற்றதாகிவிடும். ஒவ்வோர் அறிவிப்பின் மேலும் நாளும் நேரமும் இருத்தல் வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதும் இருத்தல் வேண்டும். காலம் கடந்தவுடன் அதை அழித்துவிட வேண்டும். நேற்றைய எச்சரிக்கை அழியாமல் நிற்க, வானம் தெளிந்திருப்பதை மக்கள் கண்ணாற் கண்டால், நாளைய எச்சரிக்கையையும் அவர்கள் பொருட்படுத்தமாட்டார்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பெருமழையைக் கொட்டிற்று. அத்தகைய நாட்களில் ஊரார் பலகையை நம்ப வேண்டுமானால், புயல் இல்லாத முந்நூறு நாட்களிலும் அது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

பலகையால் ஆகாதவையும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீனவர் பலர் உயிரிழந்தனர். பல நாட்கள் கடலிலேயே தங்கித் தொழில் செய்வோர் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டனர். கரையில் எழுதிய எந்த எழுத்தும் அவர்களுக்கு எட்டாது. அவர்களுக்கு வேறு கருவிகள் வேண்டும். ஆனால் கரையில் நின்று, போகலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்குப் பலகை உதவும். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் செய்தி தெளிவாக அவரைச் சேருமாறு அமைப்பதே பலகை எழுதும் மாணவருடைய கடமை. இப்பணிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு நூல், சில சுண்ணக்கட்டிகள், ஈரத்துணி ஒன்று, படிப்பவரை எண்ணிப் பார்க்கும் மனம் ஆகியவை இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.